இந்திராணி போட்ட சத்தம்

உட்காருங்க மேடம். மூணு மணிக்குத்தான் மீட்டிங் என்று சொல்லியிருப்பார்களே, நீங்க ரெண்டுக்கே வந்துவிட்டீர்கள். பரவாயில்லை. உங்களுக்கு முன்னால் வெளி மெம்பராக இருந்த அம்மா ஒரு தடவைகூட எங்கள் கம்பெனி வாசலை மிதித்ததில்லை. மினிட்ஸ் நோட்டு அவர் வீட்டுக்குப் போகும், கையெழுத்தோடு திரும்பி வரும். நல்ல மனுஷி, குறை சொல்லக் கூடாது. தீபாவளிக்கு எங்களுக்கெல்லாம் முறுக்குக் கொடுத்தனுப்புவார்.

ஏசியைக் குறைக்கட்டுமா? இது ஆர்டர் கொடுக்கிற வெளிநாட்டுப் பையர்கள் வந்தால் உட்காருகிற ரூம், அதனால்தான் இந்தக் குளிர். அந்தக் கம்பியில் தொங்குகிற குழந்தைச் சட்டையெல்லாம் நாங்கள் தைத்து வெளிநாடு போனது. என் பேர் துளசிமணி. செக்கிங் செக்‌ஷன். வாசலில் நோட்டீஸ் போர்டில் பெண்கள் புகார்க் குழு என்று போட்டு வரிசையாகப் போட்டோ இருக்கிறதே, அதில் மூன்றாவது நான்தான். அடையாளம் தெரியாது. ஸ்டூடியோக்காரன் பத்து வயசைத் துடைத்துவிட்டான். எங்க வீட்டுக்காரர் ஆயுதபூஜைக்கு வந்தபோது பார்த்துவிட்டு, "யாருடி இவ, உன்ற தங்கச்சியா? எனக்குச் சொல்லவேயில்ல" என்றார்.

என்னைக் குழுவில் போட்டது என் கண்ணுக்காக. தைத்த பீஸ் என் டேபிளுக்கு வரும். திருப்புவேன். தோள், கழுத்து, பக்கவாட்டுத் தையல், கீழ் மடிப்பு. எங்கே தப்போ அங்கே ஒரு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்ப்பேன். ஹெச்.ஆர். மேடம் குழு போடும்போது சொன்னார், "பொய்யும் அப்படித்தான் அக்கா, நீங்க பாத்தீங்கன்னா எங்க பிசிறு நிக்குதுன்னு கண்டுபிடிச்சிருவீங்க." எனக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஏன் மறைக்க வேண்டும்.

இன்றைக்கு விஷயம் இந்திராணி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். பத்து மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவளைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் நாகஜோதியிலிருந்து வர வேண்டும். நீங்க புதுசு மேடம். புகார்ப் பேப்பரில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும். எனக்கும் இளகியது. அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

நாகஜோதி பரமக்குடிப் பக்கத்துப் பொண்ணு. இருபத்தோரு வயசு. ஹாஸ்டலில் இருந்தாள். நாலாவது லைனில் ஓவர்லாக் மிஷின். போன ஆடியில் ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அரை ஷிப்ட் ஓடியதாம், சூப்பர்வைசர் லோகநாதன் லேபிள் எடுத்து வரச் சொல்லி அட்டைப்பெட்டி குடோனுக்கு அனுப்பினாராம், பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாராம். மீதியை நான் வாயால் சொல்ல வேண்டாம், பைலில் இருக்கிறது.

லோகநாதனை நீங்க பார்க்க வேண்டும் மேடம். கார்த்திகை பிறந்தால் மாலை போட்டுக்கொண்டு வெறும் காலோடு லைனில் நடக்கிற ஆள். என்னை அக்கா என்பான். என் மகள் சிந்துஜாவுக்குக் காலேஜில் சீட்டுக் கிடைக்காமல் அலைந்தபோது கூடவே வந்து நின்றவன் அவன். வீட்டில் ரெண்டு பெண் குழந்தை. பெண் குழந்தை இருக்கிறவன் செய்வானா, நீங்களே சொல்லுங்க.

சரி, விசாரித்தோம். இதே மேஜைதான். அவள் அந்த நாற்காலியில்.

"கத்துனியா அம்மிணி?" என்று கேட்டேன்.

"வாயே வரலக்கா."

"தள்ளிவிட்டுட்டு ஓடி வர்றதுக்கு என்ன?"

"காலு என் காலு மாதிரியே இல்லக்கா. கட்டை மாதிரி கெடந்துச்சு."

"ஒரு கீறல், ஒரு காயம்?"

இல்லை என்று தலையாட்டினாள். சொன்னது எப்போது தெரியுமா? பன்னிரண்டு நாள் கழித்து. அதுவும் முதலில் ஹாஸ்டலில் கூடப் படுக்கிறவளிடம் சொல்லி, அவள் பிடித்து இழுத்து வந்து சொல்ல வைத்தது. ஹெச்.ஆர். மேடம் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

எனக்கு அப்போதுதான் ஹவர்லி ஷீட் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு மணி நேரமும் யார் எத்தனை பீஸ் முடித்தார்கள் என்று லைன் கடைசியில் அட்டையில் எழுதித் தொங்கவிடுவோம், அதுதான். போய் அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமைத் தாளை எடுத்து வந்தேன். யாரும் சொல்லாமல் நானாகப் போய் எடுத்து வந்தேன். நாகஜோதி எப்போதும் மணிக்கு அறுபது, அறுபத்தஞ்சு தைக்கிறவள். அந்தத் திங்கட்கிழமை எழுபத்தெட்டு. அடுத்த மணி எண்பது. அப்புறம் எண்பத்து மூணு. நாலாவது லைன் ஆரம்பித்த நாளிலிருந்து யாரும் எண்பத்து மூணு தைத்ததில்லை மேடம். அதில் ஒரு பீஸ்கூட என்னிடமிருந்து திரும்பிப் போகவில்லை. சுத்தம்.

தாளை மேஜையில் வைத்தேன். "இது என்ன கண்ணு?" என்றேன்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். "ரூம்ல படுத்தா அதே நெனப்பா வருது. மிஷின்ல உக்காந்து வேகமா மிதிச்சா அந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலக்கா. அதான் மிதிச்சேன்."

பாருங்க, எல்லாவற்றுக்கும் ஒரு பதில்.

முந்தின நாள் அப்படி ஒன்று நடந்தவளுக்குக் கை ஓடுமா மேடம்? ஊசி கோர்க்க வருமா? பொம்பளை நான், எனக்குத் தெரியாதா. பேக்கிங் சுகந்தியும் குழுவில் இருக்கிறாள், அவளும் அதையேதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை டீ டைமில் நாகஜோதி எதற்கோ சிரித்தாளாம், சுகந்தி பார்த்தாளாம். குழுவில் நாலாவது ஆள் ஆபீஸ் கணேசமூர்த்தி சார், நாங்கள் எழுதுவதற்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆதாரமில்லை என்று எழுதி முடித்தோம். போலீஸுக்கெல்லாம் போனால் ஆர்டர் போய்விடும், நானூறு குடும்பம் நடுத்தெருவில் நிற்கும் என்று ஹெச்.ஆர். மேடம் சொன்னதும் நியாயம்தானே.

நான் ஒன்றும் கல் நெஞ்சுக்காரி இல்லை. எனக்கும் வயசில் சங்கடங்கள் வந்திருக்கின்றன. கல்யாணத்துக்கு முன்னால், பத்துப் பேர் வேலை செய்கிற ஒரு சின்னத் தையல் யூனிட்டில், பவர் டேபிள் என்பார்கள், தைத்துக்கொண்டிருந்தேன். கான்ட்ராக்டர் பேர் வேண்டாம், ஆள் செத்துப்போயாச்சு. சாப்பாட்டு நேரம், எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். மேல் மாடியில் நூல் கோன் இருக்கு, எடுத்துட்டு வா என்றார். போனேன். அப்புறம் அவரும் ஏறி வந்தார். நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். அப்புறம் சொல்லவில்லை. மேலே தகரக் கூரை. அதில் எத்தனை ஆணி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தேழு.

இறங்கி வந்தேன். முகம் கழுவினேன். மீதி இருந்த பீஸ் அத்தனையையும் அன்றைக்கே முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். "என்ன துளசி, பேய் புடிச்ச மாதிரி தைக்கற" என்று பக்கத்து மிஷின் அக்கா சிரித்தார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எங்க வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை, பேச்சு வாக்கில் வந்துவிட்டது.

அது வேற மேடம். இதையும் அதையும் சேர்க்காதீர்கள். அதற்கு இந்தப் பேரெல்லாம் வைக்க மாட்டார்கள். என் நேரம் சரியில்லை. தனியாக மேலே ஏறினது என் தப்பு. அதற்கப்புறம் நான் தனியாக எங்கேயும் ஏறியதில்லை, எதுவும் நடந்ததுமில்லை. பார்த்தீர்களா? ஒழுங்காக இருந்தால் ஒன்றும் நடக்காது.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? தண்ணி குடிங்க. பாட்டில் தண்ணிதான், பையருக்கு வாங்கி வைத்தது.

சிந்துஜாவுக்கும் அதைச் சொல்லித்தான் வளர்த்தேன். ரெண்டு பக்கமும் ஊக்குப் போட்டுத் துப்பட்டா. ஆம்பளைகள் தனியாக இருக்கிற ரூமுக்குப் போகாதே. யாரிடமும் பல்லைக் காட்டாதே. காலையில் ஆறே முக்கால் பஸ்ஸில் ஏறி அவிநாசிக்கு வேலைக்குப் போகிறாள். பஸ் கிளம்புகிற வரைக்கும் நின்று பார்ப்பேன். நான் சொல்லிக் கொடுத்தபடி இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது. அந்த நம்பிக்கையில்தானே வேலைக்கு வந்து உட்கார்ந்து பீஸைத் திருப்புகிறேன். நாகஜோதியும் ரெண்டு பக்கமும் ஊக்குக் குத்துகிறவள்தான். வாய் திறந்து பேச மாட்டாள். சூப்பர்வைசர் அனுப்பித்தான் குடோனுக்குப் போனாள். அவள் சொன்னது நிஜமென்று வைத்துக்கொண்டால் அப்புறம் நான் சிந்துஜாவுக்கு என்ன சொல்லி பஸ் ஏற்றுவது? சொல்லுங்க. ஒன்றுமே இல்லையே சொல்வதற்கு.

தீர்ப்புச் சொன்ன அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னேன். சிந்துஜா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நீயாம்மா அந்தத் தாளை எடுத்துட்டுப் போனே?" என்றாள். ஆமாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். அதிலிருந்து என்னிடம் பேச்சுக் குறைச்சல். வேலை அலுப்பு.

நாகஜோதி அப்புறமும் மூணு வாரம் வந்தாள். அதே லைன், அதே லோகநாதன். ஒரு நாள் டீ டைமில் தண்ணிக் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். நாலைந்து பேர் இருந்தோம். நேராக வந்தாள். கோபமில்லை மேடம், பாடத்தில் சந்தேகம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

"அக்கா, நான் என்ன பண்ணியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்க?"

எனக்கும் பாவமாக இருந்தது. பொறுமையாகச் சொன்னேன். "சத்தம் போட்டிருக்கணும் கண்ணு. இந்த ப்ளோரே கேக்கற மாதிரி போட்டிருக்கணும். கையில நகம் இருக்குதுல்ல, கீறி விட்டிருக்கணும். துணி கிழிஞ்சாலும் பரவால்லன்னு ஓடியாந்திருக்கணும். அன்னைக்கே, அப்பவே, எல்லாரு முன்னாலயும் பேரைச் சொல்லியிருக்கணும். அப்படி வந்திருந்தா எவன் நம்ப மாட்டான்?"

அவள் சரிங்கக்கா என்றாள். அடுத்த வாரம் வரவில்லை. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்தோம். அப்புறம் அவள் அப்பா வந்து கம்பெனி கேட்டுக்கு வெளியே ரெண்டு நாள் நின்றார். ஊருக்கும் வரவில்லையாம். பெட்டி இன்னும் ஹாஸ்டலில் கிடக்கிறது என்கிறார்கள். யாரோடாவது போயிருப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன. அந்த மனுஷனுக்கு நான்தான் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

சரி. இப்போது இந்திராணிக்கு வருகிறேன். தண்ணிக் குழாயில் நான் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் பின்னால் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் இந்த இந்திராணி. இதை மறக்காதீர்கள் மேடம், இதுதான் முக்கியம்.

முப்பத்து நாலு வயசு. புருஷன் விட்டுவிட்டுப் போய் ஆறு வருஷம். மகன் அம்மா வீட்டில் படிக்கிறான். அவளும் நாலாவது லைன்தான். போன வியாழக்கிழமை, காலை பதினோரு மணி. பட்டப்பகல். நான் கழுத்துப்பட்டி பார்த்துக்கொண்டிருக்கிறேன். குடோன் பக்கமிருந்து ஒரு சத்தம். ஐம்பது மிஷின் ஓடுகிற சத்தத்தையும் மீறி மேடம். மிஷின் ஒவ்வொன்றாக நின்றுபோனது. எனக்குக் கையில் இருந்த பீஸ் கீழே விழுந்துவிட்டது. என்னவோ அந்தச் சத்தம் என் தொண்டையிலிருந்தே வந்த மாதிரி இருந்தது. ஏன் என்று தெரியவில்லை.

ஓடி வந்தாள். தலை கலைந்திருக்கிறது, ஜாக்கெட் தோளில் கிழிந்திருக்கிறது. நேராக என் டேபிளுக்கு வந்தாள். மேனேஜரிடம் போகவில்லை, வாட்ச்மேனிடம் போகவில்லை, என்னிடம் வந்தாள். டேபிளில் இருந்த அத்தனை பீஸையும் ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு நின்றாள்.

"லோகநாதன். குடோன்ல. இப்ப. எல்லாரும் கேட்டுக்கங்க. நான் கத்தினேன். கீறி விட்டேன். ஓடியாந்துட்டேன். அக்கா, இப்ப நம்புறீங்களா?"

அந்த ப்ளோர் மொத்தமும் என்னைப் பார்க்கிறது.

அந்த நிமிஷம் நான் நம்பினேன் மேடம். பொய் சொல்ல மாட்டேன், நம்பினேன். என் சேலைத் தலைப்பை எடுத்து அவள் தோளில் போட்டேன். அவளை என் ஸ்டூலில் உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டேன். அப்படியே பத்து நிமிஷம் இருந்திருப்பேன். அப்புறம் வீட்டுக்குப் போய் ஆற அமர யோசித்தேன்.

நான் அன்றைக்குச் சொன்னது என்ன? சத்தம் போடணும், கீறணும், கிழிஞ்ச துணியோடு ஓடி வரணும், அப்பவே பேரைச் சொல்லணும். இவள் செய்தது என்ன? ஒன்று விடாமல் அதே. வரிசைகூட மாறவில்லை. நிஜமாக ஒருத்திக்கு நடந்திருந்தால் இவ்வளவு சரியாக நடந்துகொள்வாளா? மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறாள் மேடம். என் வாயிலிருந்தே எடுத்து எனக்கே தைத்துக் காட்டுகிறாள்.

ஜாக்கெட்டா? பார்த்தேன். என் வேலை அதுதானே. தோள் தையல் அப்படியே நிற்கிறது. தையலுக்குப் பக்கத்தில் துணி கிழிந்திருக்கிறது. நூல் இற்றுப்போயிருந்தால் தையல் பிரியும், துணி கிழியாது. பிடித்து இழுத்தால்தான் அப்படிக் கிழியும். டெஸ்டிங்கில் மிஷினில் மாட்டி இழுப்பார்கள், அந்த மாதிரிக் கிழிசல். ஆனால் இழுத்தது யார் என்று துணி சொல்லுமா? அவளே இழுத்திருக்கலாம். லோகநாதன் கன்னத்திலும் கீறல் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. நாலு கோடு. பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டை தெறித்துப் பட்டுவிட்டது அக்கா என்றான். நானே பஞ்சில் மருந்து தொட்டுப் போட்டுவிட்டேன். பட்டை ஒரு கோடுதானே போடும் என்பீர்கள். நாலு தடவை பட்டிருக்கும்.

அதற்கப்புறம் ஹவர்லி ஷீட்டும் எடுத்தேன். இந்தத் தடவை முந்தின நாட்களுடையது. மணிக்கு ஐம்பத்தெட்டு தைக்கிறவள், ரெண்டு வாரமாக நாற்பது, முப்பத்தஞ்சு. செவ்வாய்க்கிழமை லோகநாதன் எல்லோர் முன்னாலும் திட்டியிருக்கிறான். அந்தக் காட்டம். ரெண்டு வாரமாக ஏன் குறைந்தது என்று கேட்டால், "அவன் கிட்டக் கிட்ட வந்து நின்னா கை எப்படிக்கா ஓடும்" என்கிறாள். நாகஜோதிக்கு ஓடியதே? புருஷன் இல்லாதவள் வேறு. தனியாக இருக்கிற பொம்பளையை ஊர் என்ன பேசும் என்று தெரிந்தும் இவ்வளவு சத்தம் போடுகிறாள் என்றால், துணிஞ்சவள்தானே.

என்ன கேட்டீங்க? எப்படி வந்தால்தான் நம்புவோம் என்றா?

மேடம், நீங்க படித்தவர். வெளியிலிருந்து வருகிறீர்கள். நான் இதற்குள்ளேயே இருபத்தெட்டு வருஷமாக இருக்கிறேன். நிஜமாக நடந்தவள் வாயைத் திறக்க மாட்டாள் மேடம். யாரிடமும் சொல்ல மாட்டாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பாள். கல்யாணம் பண்ணுவாள், பிள்ளை பெறுவாள், பிள்ளையை பஸ் ஏற்றிவிடுவாள். இங்கே வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறாள் பாருங்க, அதிலேயே தெரிகிறதே நடக்கவில்லை என்று. எனக்கு நன்றாகத் தெரியும்.

இல்லை, நான் அழவில்லை. இந்த ஏசி ஒத்துக்கொள்ளாது எனக்கு. கண்ணில் தண்ணி வரும்.

மணி மூணு ஆகப்போகிறது. அவர்களெல்லாம் வந்துவிடுவார்கள். இந்தாங்க மினிட்ஸ் நோட்டு. நாற்பத்து ரெண்டாம் பக்கம். 'புகார்தாரர் கூறியதில் உண்மை இருப்பதாகத் தெரியவில்லை' என்று முடிகிறது பாருங்க, அதற்குக் கீழே எங்கள் நாலு பேர் கையெழுத்தும் காலையிலேயே போட்டாயிற்று. ஹெச்.ஆர். மேடத்துக்கு நாலு மணிக்குக் கோயமுத்தூர் போக வேண்டுமாம், அதனால் முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டோம். ஐந்தாவது இடம் உங்களுக்கு. பழைய மெம்பர் அம்மா எப்போதும் பச்சை மையில் போடுவார். உங்களுக்கு எது வசதியோ போடுங்க.

அவளை விசாரிக்காமல் போட மாட்டீர்களா? விசாரிக்காமல் எப்படி, விசாரித்துவிட்டுத்தான் மேடம். சட்டமென்று ஒன்று இருக்கிறதல்லவா. நாலு கையெழுத்து இருந்தால் போதும் என்கிறார்கள், இருந்தாலும் முறையென்று இருக்கிறது. இருங்க, கதவைத் திறக்கிறேன்.

இந்திராணி... எந்திரிச்சு வா கண்ணு. செருப்பை அங்கேயே விட்டுட்டு வா. பயப்படாத, புது மேடம் வந்திருக்காங்க. நடந்ததை நடந்த மாதிரி சொல்லு, போதும். நாங்கெல்லாம் பொம்பளைங்கதான, எங்களுக்குப் புரியாதா?